புயலைக் காண்டலும் கருதலும்



ஆகாய விமானத்தில் ஏறிப் புயலின் உள்ளே புகுந்து, அதன் அந்தரங்கத்தை அளந்து வந்த மனிதர்களைப் பற்றி இன்று பேச எண்ணியிருக்கிறேன். ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் வங்காள விரிகுடாவின் மேலேயே நினைவை வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும் ஒவ்வோர் அறிக்கையையும் செவிமடுத்துக் காலங்கழிக்கிற கடற்கரைச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் நாம். காற்று மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது, புயலின் மையத்தில் அழுத்தம் இத்தனை மில்லிபார் என்று அறிக்கை கூறுகிறது, நாமும் கேட்டுக்கொள்கிறோம். நடுக்கடலில் சுழன்றுகொண்டிருக்கும் அந்தப் புயலை அளந்தவர் யார்? எங்கே நின்று அளந்தார்? எந்தக் கருவியைக் கொண்டு அளந்தார்? இந்தக் கேள்விகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நம் நாட்டுத் தர்க்க சாஸ்திரிகள் அறிவு பிறக்கும் வாயில்களை வகுத்தபோது, காண்டலை முதலிலும் கருதலை அதற்குப் பின்னும் வைத்தார்கள். மலையின்மேல் புகையைக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டு என்று அனுமானிக்கிறான். அது பழுதில்லாத அனுமானந்தான். ஆனால் அது அவனுக்கு எப்படி வந்தது? முன்னொரு நாள் மடைப்பள்ளியில் புகையையும் நெருப்பையும் ஒருசேரக் கண்டிருந்தான். அந்தக் காட்சி இல்லையேல் இந்தக் கருதலும் இல்லை. செயற்கைக்கோள் அனுப்பும் மேகப் படத்தைப் பார்த்து இன்று நாம் புயலின் வலிமையைக் கணிக்கிறோமே, அந்தப் படம் மலைமேல் தோன்றும் புகை. அப்படியானால் மடைப்பள்ளிக்குள் சென்றவர் யார்?

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆம் நாள். உலக யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம். மெக்சிக்கோ வளைகுடாவில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்கள் உலவிய காரணத்தால் கப்பல்கள் வானொலியில் வாய் திறக்கக் கூடாது என்று தடை. ஆகவே கடல்மேல் உருவாகிவந்த புயலைப் பற்றிக் கரையில் இருந்தவர்களுக்குப் போதிய செய்தி இல்லை. டெக்சாஸ் மாகாணத்தில் பிரையன் என்னும் ஊரில் இருந்த விமானப்படைப் பயிற்சி நிலையத்தில், வெளியே எதையும் பாராமல் கருவிகளின் முள்ளை மட்டுமே நம்பி விமானம் செலுத்தும் கலையைக் கற்பித்துக்கொண்டிருந்தார் ஜோசப் டக்வொர்த் என்ற அதிகாரி. புயல் கால்வெஸ்டன் நகரை நோக்கி வருகிறது என்றதும், பிரையனில் இருந்த ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானங்களை வேறிடத்துக்கு அப்புறப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானிகள், ஒரு காற்றுக்கும் தாங்காத விமானமா இது என்று பரிகசித்தார்கள் என்றும், அந்தப் பரிகாசத்துக்கு விடை சொல்லவே டக்வொர்த் துணிந்தார் என்றும் சொல்வார்கள். ரால்ப் ஓஹேர் என்ற இளைஞரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு, மேலதிகாரிகளின் அனுமதியை எதிர்பாராமல், அந்தச் சிறு விமானத்தில் ஏறி அவர் நேரே புயலுக்குள் பறந்தார். கும்மிருட்டையும் பெருமழையையும் கிழித்துக்கொண்டு சென்ற விமானம், திடீரென்று வெளிச்சமும் அமைதியும் நிறைந்த ஒரு வெளியை அடைந்தது. அதுவே புயலின் கண்.

சபையோரே, இந்த முதற்பயணத்தை நான் சாகசம் என்று சொல்வேனேயன்றி விஞ்ஞானம் என்று சொல்லமாட்டேன். விஞ்ஞானம் அதற்கடுத்த சில மணி நேரத்துக்குள் பிறந்தது. இருவரும் திரும்பிவந்து தரையிறங்கியபோது, அந்த நிலையத்தின் வானிலை அதிகாரி ஓடிவந்து, என்னையும் அழைத்துச் செல்லுங்கள் என்று கேட்டார். ஓஹேர் இறங்கிக்கொண்டார், வானிலை அதிகாரி ஏறிக்கொண்டார், டக்வொர்த் இரண்டாம் முறையாக அதே புயலுக்குள் பறந்தார். கண்ணுக்குள்ளே காற்று வெளியிலிருப்பதைவிட வெப்பமாக இருப்பதை இம்முறை கருவியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள். புயலின் இருதயம் உஷ்ணமானது என்ற உண்மை அன்று பிரத்தியட்சமாயிற்று. சமுத்திரத்தின் நீராவி மேலெழுந்து குளிர்ந்து மழையாகும்போது வெளியிடும் வெப்பமே புயலை இயக்குகிறது. அந்த வெப்பத்தால் நடுவிலுள்ள வாயு இலேசாகிறது. இலேசானதால் கடல்மட்டத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறையக் காற்று மேலும் வேகத்தோடு உள்நோக்கிப் பாய்கிறது. ஏட்டில் எழுதி வைத்திருந்ததை உள்ளே சென்று தொட்டு அறிந்தாகிவிட்டது.

அதற்கடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிலிப்பைன்ஸ் கடலில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஹால்சியின் கப்பல்தொகுதி அறியாமலே ஒரு புயலுக்குள் சிக்கி, மூன்று போர்க்கப்பல்கள் மூழ்கி, ஏறத்தாழ 790 மாலுமிகள் மாண்டார்கள். புயலைத் தேடிச் செல்லும் விமானங்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் யாருக்கும் தேவைப்படவில்லை.

புயலின் நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகையால் இடது இறக்கையின் பக்கத்திலிருந்தே காற்று எப்போதும் வந்து மோதும்படியாக விமானத்தைச் செலுத்திக்கொண்டு போனால், அது தானே மையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏறத்தாழ பத்தாயிரம் அடி உயரத்தில் புயலை ஊடறுத்து, மறுபுறம் வெளியேறி, திரும்பி, வேறொரு திசையிலிருந்து மீண்டும் ஊடறுக்கிறார்கள். எட்டுப் பத்து மணி நேரம் இப்படிப் பறக்கிறார்கள். இறக்கைகள் நடுங்குகின்றன, மழை கண்ணாடியில் மோதுகிறது, அந்த நடுக்கத்தின் இடையிலேயே ஆராய்ச்சியாளர் எண்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும்.

பின்பு கண் திறக்கிறது. அந்தக் காட்சியை உலகுக்குச் சொன்னவர்களுள் தலையாயவர் ராபர்ட் சிம்சன். 1919ஆம் ஆண்டு டெக்சாஸில் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரைப் புயல் வெள்ளம் சூழ்ந்தபோது, ஆறு வயதுச் சிறுவனாகக் குடும்பத்தோடு தப்பிப் பிழைத்தவர் அவர். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1951இல் மார்ஜ் என்ற பசிபிக் புயலின் கண்ணுக்குள் விமானத்தில் சென்றார். சுமார் 65 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வெளியைச் சுற்றிலும் வெண்மேகச் சுவர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக எழுந்து நின்றது. மேலே செல்லச் செல்ல வெளிப்புறமாகச் சாய்ந்து அகன்றது. வற்றிய கோயில் தெப்பக்குளத்தின் நடுமண்டபத்தில் நின்று, நாற்புறமும் படிப்படியாக விரிந்து ஏறும் படிக்கட்டுகளை நிமிர்ந்து பார்ப்பவனுக்கு எப்படித் தோன்றுமோ, அப்படித் தோன்றும் காட்சி அது, தலைக்குமேல் நீலவானம். ஆனால் கீழே கடல் சும்மா இருப்பதில்லை. நாற்புறத்துச் சுழற்காற்றும் தள்ளிவிட்ட அலைகள் ஒன்றோடொன்று மோதி, திசையில்லாமல் எழும்பிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. 1955 செப்டம்பர் 26ஆம் நாள், ஜானெட் என்ற புயலுக்குள் கரீபியன் கடல்மேல் புகுந்த அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று, இதோ உள்ளே நுழைகிறோம் என்ற செய்தியை அனுப்பியதோடு சரி. ஒன்பது பணியாளரும், உடன் சென்ற கனடா தேசத்துப் பத்திரிகையாளர் இருவரும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது. 1974இல் பெஸ் என்ற புயலுக்குச் சென்ற விமானம் தென்சீனக் கடலில் ஆறு பேருடன் மறைந்தது. நம் அறிக்கைகளில் வரும் எண்களின் பின்னே இந்த உயிர்கள் இருக்கின்றன என்பதை நான் சொல்லாமல் விடமுடியாது.

இனி ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவிகள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். யுத்த காலத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் விமானப்படை மாணவர்களுக்கு வானிலை கற்பித்த ஜோவான் என்ற இளம்பெண், யுத்தம் முடிந்ததும் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க விரும்பினார். இதுவரை எந்தப் பெண்ணும் இத்துறையில் அப்பட்டம் பெற்றதில்லை, இனியும் பெறப்போவதில்லை, பெற்றாலும் வேலை கொடுப்பார் இல்லை என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். 1949இல் அவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் வானிலை இயலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அவர் தேர்ந்தெடுத்த பொருள் மேகம். அக்காலத்து வானிலை அறிஞர் பலர் மேகத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. காற்று இயங்குகிறது, அதன் விளைவாக மேகம் தோன்றுகிறது, அவ்வளவுதான் என்று எண்ணினார்கள். ஜோவானோ விமானத்தில் ஏறி மேகங்களுக்குள் சென்று அளந்தார். ஹெர்பர்ட் ரீல் என்ற அறிஞரோடு சேர்ந்து, அளந்ததை வைத்துக் கணக்கிட்டார். வெப்ப மண்டலத்தின் உஷ்ணத்தைப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்பவை வானளாவிய கார்முகில் கோபுரங்களே என்றும், பூமி முழுவதிலும் ஒரே சமயத்தில் சுமார் 1500 முதல் 5000 கோபுரங்கள் இருந்தாலே அந்தப் பெரும்பணி நடந்துவிடும் என்றும் 1958இல் அவர்கள் எழுதினார்கள். மேகம் காற்றின் விளைவு மட்டுமன்று, காற்றை இயக்கும் காரணமும் அதுவே என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். பின்னாளில் அவர் ராபர்ட் சிம்சனை மணந்து ஜோவான் சிம்சன் ஆனார். 1997இல் விண்ணில் ஏவப்பட்ட வெப்பமண்டல மழை அளக்கும் செயற்கைக்கோளின் விஞ்ஞானப் பணிக்கும் அவரே முன்னின்று வழிகாட்டினார்.

புயலுக்குள் சென்று வரலாம் என்று ஆனவுடன், மனிதனுக்கு அடுத்த ஆசை எழுந்தது. போய்ப் பார்த்தால் போதுமா? அதை அடக்கிவிட்டால் என்ன?

1947 அக்டோபர் 13ஆம் நாள், நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூரின் யோசனைப்படி நடந்த ஒரு திட்டத்தில், அட்லாண்டிக் கடல்மேல் இருந்த புயலில் உலர்பனித் துண்டுகளை விமானத்திலிருந்து தூவினார்கள். கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த புயல், திடீரென்று மேற்கே திரும்பி ஜார்ஜியா மாகாணத்தின் சவானா நகரைத் தாக்கியது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். விமானம்தான் புயலைத் திருப்பியதா? 1906ஆம் ஆண்டிலேயே, தூவுவார் யாருமில்லாத காலத்தில், ஒரு புயல் ஏறக்குறைய அதே பாதையில் திரும்பியிருந்தது என்று பிறகு தெரியவந்தது. ஆனாலும் பயம் பயந்தானே! பல ஆண்டுகள் ஒருவரும் புயலைத் தீண்டவில்லை.

1962இல் ஒரு பெருந்திட்டமாகவே அந்த முயற்சியைத் தொடங்கினார்கள். ஸ்டார்ம்பியூரி என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கண்ணைச் சுற்றிய சுவருக்குச் சற்று வெளியே, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்கும் நீர்த்துளிகள் இருக்கும். அவற்றின்மேல் வெள்ளி அயோடைடைத் தூவினால் உறையும். உறையும்போது வெளிப்படும் வெப்பத்தால் புதிய சுவர் ஒன்று வெளியே எழும். பழைய சுவர் தளர்ந்து, கண் அகன்று, காற்றின் வேகம் தணியும். இதுவே அவர்களுடைய சித்தாந்தம். 1969 ஆகஸ்டில் டெபி என்ற புயலில் இரண்டு நாள் தூவினார்கள். ஒரு நாள் காற்றின் வேகம் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தது. மற்றொரு நாள் 18 பங்கு குறைந்தது. வெற்றி என்று கொண்டாடத் தோன்றுமா, தோன்றாதா? தோன்றியது. இயற்கையின் மகாசக்தியை மனிதன் வென்றுவிட்டான் என்றே பலரும் நம்பினார்கள்.

ஆனால் விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. யாரும் தூவாத புயல்களுக்குள்ளும் அவை சென்று அளந்தன. அப்போது தெரிந்தது என்ன? வலிமை மிக்க புயல்களில் வெளிச்சுவர் ஒன்று தானாகவே எழுந்து, உட்சுவரை நெரித்து அழித்து, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வேளையில் காற்று தானாகவே தணிகிறது. பிறகு மீண்டும் வலுக்கிறது. மேலும், புயல் மேகங்களில் உறையாத நீர் சொற்பம், இயற்கையாகவே உறைந்த பனித்துகள்தான் மிகுதி. தூவுவதற்கு அங்கே வேலையே இல்லை. டெபியைத் தணித்தது மனிதன்தான் என்று சொல்லும் ஆதாரம் எதுவும் மிஞ்சவில்லை. 1983இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். இதைத் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். தாங்கள் நம்பிய சித்தாந்தத்தைத் தங்கள் கருவிகளைக் கொண்டே பொய்யென்று நிரூபித்து, அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்களே, அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பிரயத்தனத்தில் சேர்ந்த அளவுகளும், அதற்காக அமைத்த கருவிகள் நிரம்பிய விமானங்களும் பின்னாளைய புயல் ஆராய்ச்சி முழுவதற்கும் முதலீடாயின.

இப்போது ஒரு சிறு கருவியைப் பற்றிச் சொல்லுகிறேன். டிராப்சோண்டு என்று அதற்குப் பெயர். பார்வைக்கு அது ஓர் அட்டைக்குழல். உள்ளே அழுத்தமும் வெப்பமும் ஈரமும் அளக்கும் உணர்விகள். தலையில் ஒரு சிறு பாராசூட். விமானத்தின் அடியிலுள்ள குழாய் வழியே அதைப் புயலுக்குள் நழுவவிடுகிறார்கள். பத்தாயிரம் அடியிலிருந்து கடலைத் தொட அதற்கு ஏறத்தாழ நான்கு நிமிஷம். விழுந்துகொண்டே அது தான் கண்டதை வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகிறது. கடலில் விழுந்ததும் அதன் ஆயுள் முடிகிறது. 1997 முதல், செயற்கைக்கோள்களைக் கொண்டு தான் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறியும் டிராப்சோண்டுகள் புயற்சுவருக்குள் விழத் தொடங்கியபின், காற்று மிகப் பலமாக வீசுவது விமானம் பறக்கும் உயரத்தில் அன்று, கடலுக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் என்பதும், விமானத்தில் அளந்த வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கடற்பரப்பை எட்டிவிடுகிறது என்பதும் புலனாயின. இதன் விளைவைப் பாருங்கள்! 1992இல் பிளாரிடாவைச் சூறையாடிய ஆண்ட்ரூ என்ற புயலை வலிமையில் நான்காம் தரம் என்று எழுதி வைத்திருந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2002இல், அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்து அதை ஐந்தாம் தரத்துக்கு உயர்த்தினார்கள். ஓய்ந்துபோன ஒரு புயலின் சரித்திரத்தையே அட்டைக்குழல்கள் திருத்தி எழுதிவிட்டன.

கருதலை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு 1989 செப்டம்பர் 15ஆம் நாளே சாட்சி. ஹ்யூகோ என்ற புயல் பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே இருந்தது. அதுவரை எந்த விமானமும் அதற்குள் போகவில்லை. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு அதன் வலிமையை மதிப்பிட்டிருந்தார்கள். அந்த மதிப்பீட்டை நம்பி, நான்கு எஞ்சின் கொண்ட ஆராய்ச்சி விமானம் ஒன்று வெறும் 1500 அடி உயரத்தில் சுவருக்குள் நுழைந்தது. உள்ளே இருந்ததோ அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பயங்கரம். பொருள்கள் கட்டவிழ்ந்து பறந்தன. மூன்றாம் எஞ்சின் தீப்பற்றியது. விமானம் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கிவிட்டது. தப்பித் தவறிக் கண்ணுக்குள் வந்து விழுந்தவர்கள், மூன்று எஞ்சின்களோடு அங்கேயே வட்டமிட்டு, எரிபொருளைக் கொட்டிப் பாரத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல மேலே ஏறினார்கள். ஆனால் வெளியே வருவது எப்படி? அச்சமயம் புயலுக்கு வந்திருந்த விமானப்படை விமானம் ஒன்று, அவர்களுக்காகச் சுவரைத் திரும்பத் திரும்ப ஊடறுத்து, காற்று சற்று மெலிந்த வழி எது என்று தேடிக்கொடுத்தது. அந்த வழியே எல்லோரும் உயிரோடு வெளியேறினார்கள்.

சபையோரே! இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

செயற்கைக்கோள் படத்தில் மேகங்கள் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்துப் புயலுக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணிலிருந்து காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணிக்கும் முறையை 1970களில் வகுத்தவர் வெர்னான் டுவோராக் என்ற அமெரிக்க அறிஞர். மகத்தான முறை, இன்று உலகம் முழுவதும் வழங்குகிறது. நம் வங்காள விரிகுடாப் புயல்கள் நடுக்கடலில் இருக்கும்போது அவற்றின் வலிமையைச் சொல்வது பெரும்பாலும் இந்த முறைதான். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்ததே, அது கடலில் இருந்த நாள்களில் அதை எடைபோட்டதும் இதே வழியில்தான்.

இந்தப் படத்துக்கு இந்த வேகம் என்று டுவோராக் எதை வைத்துச் சொன்னார்? மேற்குப் பசிபிக் புயல்களுக்குள் விமானங்கள் சென்று அளந்துவந்த அளவுகளை வைத்து! மடைப்பள்ளி அங்கே இருந்தது. 1979இல் டிப் என்ற புயலின் கடல்மட்ட அழுத்தம் 870 மில்லிபார் என்று அளந்ததும் அந்த விமானங்களே. அதைவிடக் குறைந்த அழுத்தம் எந்தப் புயலிலும் இன்றளவும் பதிவாகவில்லை. அந்த வழக்கமான பசிபிக் பறத்தல்களையும் 1987இல் நிறுத்திவிட்டார்கள். 2013இல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட ஹையான் புயலுக்கு 895 மில்லிபார் என்று ஓர் எண் சொல்கிறார்கள். அது கருதல், காண்டல் அன்று. தைவான் தேசத்தார் 2003 முதல் தாங்களே விமானம் கொண்டு புயலைச் சுற்றிப் பறந்து டிராப்சோண்டுகளை இடுகிறார்கள். 2017இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் லான் என்ற புயலின் கண்ணுக்குள்ளேயே போய் வந்தார்கள்.

நம் கடலுக்கு மேலே விமானங்கள் பறக்கவே இல்லையா? பறந்தன. 1979இல் பருவக்காற்றை ஆராய வெளிநாட்டு விமானங்கள் நம் நாட்டுக்கு வந்து பறந்தன. 1999இல் மாலத்தீவைத் தளமாகக் கொண்டு இந்துமகா சமுத்திரத்தின் புகைமண்டலத்தை ஆராய்ந்த பெருந்திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன். அவரே 2006இல் ஆளில்லாத சிறு விமானங்கள் மூன்றை, ஒன்று மேகத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே என்று ஒரே சமயத்தில் பறக்கவிட்டுச் சூரிய ஒளி எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்து காட்டினார். புனே நகரத்து வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் 2009 முதல் நம் நாட்டு மேகங்களுக்குள் விமானத்தில் சென்று ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஆகவே நம்மிடம் அறிவுக்குப் பஞ்சம் இல்லை. துணிவுக்கும் பஞ்சம் இல்லை. ஆனால் புயல் எழுந்தவுடன் அதற்குள் சென்று அளப்பதையே தொழிலாகக் கொண்ட விமானம் வங்காள விரிகுடாவுக்கு இல்லை.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் கடல் கொண்டதை நேரில் அறிந்த பெரியவர்கள் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட அழிவை முன்னறிந்து சொல்ல விமானம் உதவுமா? உதவும். அட்லாண்டிக் கடலில் புயலின் சுற்றுப்புறத்து ஆகாயத்தை டிராப்சோண்டுகளால் அளந்து கணக்கில் சேர்த்தபோது, புயல் போகும் பாதையைக் கணிப்பதில் நேரும் பிழை நூற்றுக்கு 16 முதல் 30 பங்கு வரை குறைந்தது என்று 1996இல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அத்தனை பங்கு பிழை குறைவது என்றால் என்ன? கடலூரிலிருந்து மக்களை அகற்றுவதா, நாகையிலிருந்து அகற்றுவதா என்று மாவட்ட ஆட்சியர் நள்ளிரவில் எடுக்கும் முடிவு அது. நம் கடல் அட்லாண்டிக்கைவிடச் சிறியது. இங்கே புயல் பிறந்து இரண்டு மூன்று நாளில் கரையைத் தொட்டுவிடுகிறது. அளப்பதற்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே. விமானமோ சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ புறப்பட்டு, சில மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரக்கூடியது. இந்தச் செலவை நாடு ஏற்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். கேட்பவர் தொகை பெருக வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நேரம் உங்கள் முன் நின்று பேசினேன்.